ஜோடிக்கு மட்டும் வேலை

“நீ எங்க வேணாலும் போ. புள்ளைய இங்க உட்டுட்டுப் போ” என்று தனசேகர் மறுபடியும் கத்தினான். அடுத்த குவார்ட்டர்ஸில் குப்பாயி அவசரமாகக் குக்கரை இறக்கி வைத்தாள். விசில் வந்தால் பாதிப் பேச்சு காதில் விழாது.

சேந்தமங்கலம் பக்கத்துக் கோழிப்பண்ணை அது. ஜோடியாக வந்தால்தான் வேலை. தனி ஆளை முதலாளி அப்புசாமி கேட்டுக்குள்ளேயே விடமாட்டார். புருசன் தீவனம் போடுவான், பெண்டாட்டி முட்டை பொறுக்குவாள், இருவருக்கும் சேர்த்து ஒரு தகரக்கூரை. தனசேகரும் மஞ்சுளாவும் எட்டு வருடமாக அப்படித்தான் குடித்தனம் நடத்தினார்கள். மகள் சௌமியா இங்கேயே பிறந்து இரண்டாவது படிக்கிறாள்.

மஞ்சுளா பையோடு வெளியே வந்துவிட்டாள். ஜலகண்டாபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். தறிக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வாளாம், பிள்ளையும் தன்னோடுதான் வருமாம்.

சமாதானம் பேச வந்த அப்புசாமி, அப்பனுக்கு இல்லாத உரிமையா என்று ஆரம்பித்தார். பெண்டாட்டிக்காரி கொஞ்சம் அடங்கிப் போக வேண்டும் என்றும் சொன்னார். மஞ்சுளா கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள்.

“யாருக்குங்க பொண்டாட்டி? இங்க வேலை கேட்டு வாரப்ப, பஸ்ஸுல நானே கட்டிக்கிட்ட கயிறுங்க இது. அடுத்த பேட்ச் குஞ்சு எறங்கட்டும், கோயில்ல வெச்சுக் கட்டறேன்னு சொல்லிச் சொல்லியே இத்தன வருசம் ஓட்டிட்டாரு.”

சௌமியா வாசற்படியில் உட்கார்ந்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தாள். குப்பாயிக்குத்தான் அவமானம் தாங்கவில்லை. எந்த வீட்டில் என்ன குழம்பு என்று மோப்பத்திலேயே சொல்பவளுக்கு, ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த இவ்வளவு பெரிய சங்கதி தெரியாமல் போய்விட்டதே.

தாயும் மகளும் பஸ் ஏறினார்கள். ஜோடி உடைந்ததால் தனசேகருக்கு வேலையும் போயிற்று.

சேலத்து வக்கீல் மணிமாறன் சொன்னதைத் தனசேகர் குப்பாயியிடம் ஒப்பித்தான். அவள் அதைப் பண்ணை முழுக்க ஒப்பித்தாள். முறையாகத் தாலி கட்டியிருந்தால், ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்கு அப்பன்தான் முதல் கார்டியன். கட்டாததால் அம்மாதான் முதல், இவன் அவளுக்குப் பின்னால்தான். அதற்காக வழியே இல்லை என்றில்லை. பிறப்புச் சான்றிதழில் இவன் பெயர் இருக்கிறது, மஞ்சுளாவும் அதை மறுக்கவில்லை. பிள்ளையைத் தன் பொறுப்பில் விடச் சொல்லி மனுப் போடலாம்; பிள்ளைக்கு எங்கே இருந்தால் நல்லது என்பதைத்தான் கோர்ட் பார்க்கும்.

“ஊடு இருக்கா, வருமானம் இருக்கா, பொட்டப்புள்ளையப் பார்த்துக்க ஒரு பொம்பள இருக்கான்னு கேப்பாங்களாமுங்க்கா” என்றான். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. தீவன மூட்டை வந்து இறங்கியதைச் சொல்வது போலச் சொன்னான்.

மனுப் போட்டதும், வழக்கு முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை அழைத்துப் போகத் தனசேகருக்குக் கோர்ட் அனுமதி கொடுத்தது.

சாட்சி சொல்லக் குப்பாயி சேலம் போனாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பாள். பிள்ளைக்கு இரட்டைச்சடை பின்னுவது அப்பன்தான், காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டைச் சுற்றி நடப்பதும் அப்பன்தான் என்றாள். ஒரு பொய்கூடக் கலக்காமல் அவ்வளவு நேரம் பேசியது அவளுக்கே புதிதாக இருந்தது.

வெளியே வந்ததும்தான் தனசேகர் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். பிரவீனா என்று பெயர், கல்யாணம் ஆகிவிட்டதாம். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பண்ணையில் இருவருக்கும் வேலை, குவார்ட்டர்ஸ் வேறு. கோர்ட் கேட்கப்போகும் அத்தனைக்கும் பதில் ஒரே மூச்சில் கிடைத்துவிட்டதில் மணிமாறனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

“ஏன்டா தம்பி, எனக்கு ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணல?”

“சுருக்கமா முடிச்சுட்டமுங்க்கா.” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

கயிறு புதுசு. பிரவீனாவின் ரவிக்கைக் கழுத்தெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது. தனக்குத் தெரியாமல் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்யாணமா என்று குப்பாயி மனசுக்குள் பொருமினாள். எதிர் பெஞ்சில் மஞ்சுளா வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

நீதிபதியம்மா சௌமியாவைத் தனியாகத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. குப்பாயி நிற்கும் இடத்தில் கதவுகள் அப்படித்தான்.

அப்பாவிடம் இருக்கப் பிடிக்குமா என்று கேட்டதற்குப் பிள்ளை பிடிக்கும் என்றது. அம்மா இழுத்துப் பின்னினால் வலிக்கும், அப்பா பின்னினால் வலிக்காது என்றும் சொன்னது. நீதிபதியம்மா சிரித்த சத்தம் வெளியே கேட்டது. தனசேகரின் சட்டைப்பையிலிருந்து சிவப்பு ரிப்பன் ஒன்று எட்டிப் பார்த்தது. அதை உள்ளே தள்ளக்கூட மறந்து அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“புதுச் சித்தி உன்னை நல்லாப் பார்த்துக்குவாங்களா?”

“ம். போன ஞாயித்துக்கெழம புதுப் பண்ணைக்கு நாங்க மூணு பேரும் போனமுங்க. எனக்கு ஜன்னல் சீட்டு குடுத்தாங்க.”

“அப்பா கல்யாணத்துக்கு நீ போயிருந்தியா கண்ணு?”

“கல்யாணமெல்லாம் இல்லைங்க. அந்தக் கயித்த அவங்களும் பஸ்ஸுலயேதான் கட்டிக்கிட்டாங்க, எங்கம்மா மாதிரி.”