பெஞ்சுக்குக் கால் முளைத்த கதை

"இந்த வாரமும் ரெண்டு பெஞ்சுக்குக் கால் போச்சு, கோ அகஸ்டின்!"

"ரெண்டா?" கருவிப் பையைத் தொப்பென்று கீழே போட்டான் அகஸ்டின். "நல்லாப் பாத்தீங்களா, சயா?"

"எண்ணிப் பாத்துட்டேன். ஒண்ணுன்னாக்கூட மனசு ஆறும். ரெண்டு!"

"அதானே. ஒண்ணுன்னா ஏதோ போகட்டும்னு விடலாம். ரெண்டுங்கிறது அநியாயம்."

கோ, சயா எல்லாம் பர்மாவில் மரியாதைக்குக் கூப்பிடுவது; சயா என்று அவன் கூப்பிட்டது மெனாசேயை. ரங்கூனில் லத்தா பேட்டைக்கு அடுத்த தெருவிலிருந்த யூதர்களின் ஜெபாலயத்தை அவர்தான் கவனித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது. தமிழ் ஆட்களை வைத்துக் கடை நடத்தியவர் என்பதால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு அவருடைய ஜனங்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிவிட்டார்கள். அவர் மட்டும் சாவிக்கொத்தும் கையுமாக மிச்சமிருந்தார்.

அகஸ்டினின் மரச்சாமான் கடையும் அதே ஜோரில் போய்விட்டது. இரண்டு மாதம் அவன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். மெனாசே ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். ரோஷக்காரன், திருப்பி அனுப்பிவிட்டான். அப்புறம் அவரே வீட்டுக்கு வந்து, "ஜெபாலயத்துல பெஞ்செல்லாம் ஆடுது, வந்து பாரேன்" என்றார். மறுநாளே உளியைத் தீட்டிக்கொண்டு வந்துவிட்டான். அன்றிலிருந்துதான் அவனுக்குச் சோறு இறங்கியது, வாயில் பாட்டும் வந்தது.

"இந்த மாசம் வேலை முடிஞ்சிடும்னு இருந்தேன். முடிஞ்சா ஒரு பூட்டைப் போட்டுட்டுக் கல்கத்தாவுல தங்கச்சி வீட்டுக்குப் போகலாம்னு..." மெனாசே பெருமூச்சு விட்டார். "எங்க முடியுது?"

கல்கத்தா என்று எடுத்தாலே அகஸ்டின் பேச்சை மாற்றிவிடுவான்.

"சனிக்கிழமை உங்களுக்கு ஓய்வு. ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ஓய்வு. உடைக்கிறவனுக்கு மட்டும் ஓய்வே கிடையாதா? இருங்க சயா, அவனைக் கையும் களவுமாப் பிடிக்கிறேன்."

"ஐயோ, வேண்டாம்ப்பா!" பெரியவர் பதறினார். "பாவம், என்ன கஷ்டமோ அவனுக்கு. விட்டுடு."

அகஸ்டின் விடுவதாக இல்லை. ஆளைப் பிடிக்காவிட்டால் நாளைக்குப் பழி தச்சன் தலையில்தான் விடியும்.

அடுத்த ஞாயிறு காலையில், பூசைக்குப் போவதாக மனைவி செலினிடம் புளுகிவிட்டு, ஜெபாலயத்தில் பெண்கள் உட்காரும் மாடியில் ஏறிப் பதுங்கிக்கொண்டான்.

சற்று நேரத்தில் கீழே கதவு திறந்தது. வந்தவரைப் பார்த்து அகஸ்டின் வாயைப் பிளந்தான்.

மெனாசே! இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு சுத்தியலை எடுத்தார். "மன்னிச்சுக்கோ, ஆண்டவரே" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு, முன்வரிசைப் பெஞ்சின் காலில் ஒரு போடு போட்டார். கால் அசையவில்லை. இன்னொரு போடு. ஊகூம். அகஸ்டின் போன வாரம்தான் மாட்டிய தேக்குக் கால், அவ்வளவு லேசில் உடையுமா? மூன்றாவது அடி அவர் கட்டைவிரலிலேயே விழுந்தது. மனிதர் துள்ளிக் குதித்தார்.

அகஸ்டினால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அங்க இல்ல சயா! மூட்டுல பக்கவாட்டா அடிங்க!"

சுத்தியல் நழுவி விழுந்தது. அவன் இறங்கி ஓடி வந்து, கைக்குட்டையை நனைத்து அவர் விரலில் சுற்றினான்.

"என்ன சயா இது? உங்க கோயிலை நீங்களே..."

"வேற என்ன செய்யச் சொல்றே? சும்மா குடுத்தா நீ வாங்க மாட்டே." குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாசல்ல எங்க தர்மப் பெட்டி இருக்கே, ஒரு காலத்துல வெள்ளிக்கிழமைன்னா வாங்குறதுக்கு வரிசை நிக்கும். இப்ப போடுறதும் நான் ஒருத்தன்தான், வாங்கத்தான் ஆளில்லை. ஒருத்தனுக்கு வேலை குடுத்து நிமிர்ந்து நிக்க வைக்கிறதுதான் பெரிய தர்மம்னு எங்க அப்பா சொல்வார். உலகமே உடைஞ்சு கிடக்கு, அதைப் பழுது பாக்கத்தான் மனுஷன் பொறந்தான்னும் சொல்வார்."

"பழுது பாக்கச் சொன்னார், சரி. உடைக்கவுமா சொன்னார்?"

"நீ எல்லாத்தையும் இவ்வளவு சீக்கிரம் பழுது பாத்து முடிச்சா நான் வேற என்னதான் பண்றது?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்போடு அகஸ்டினுக்குக் கண்ணும் நிறைந்துவிட்டது.

"நீ வர ஆரம்பிச்ச பிறகுதான் காலையில எந்திரிக்கணும்னே எனக்குத் தோணுது, அகஸ்டின்" என்றார் அவர் மெதுவாக. பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு. நான் வாரத்துக்கு ஒரு கால்தான் உடைச்சேன். அதுக்கே எனக்கு மூச்சு வாங்கிடும். இன்னொண்ணு என்னோட வேலை இல்லை. ரம்பத்தை வெச்சு நூல் பிடிச்ச மாதிரி அறுத்திருந்தது. அந்தப் படுபாவி யாரு?"

அகஸ்டின் குனிந்து, பெஞ்சின் மேலிருந்த தூசியை ரொம்பச் சிரத்தையாகத் துடைத்தான்.

"வேலை முடிஞ்சா நீங்க கல்கத்தாவுக்குப் போயிடுவீங்கன்னு பயந்த எவனாவது இருப்பான், சயா."