பச்சைச் சட்டைக்காரன் சிரித்த படம்

மணிக்கூண்டுச் சதுக்கத்துக்கு வருகிறவர்கள் சூசைநாதனிடம் படம் எடுக்காமல் போவதில்லை. ராஜா காலத்தில் தூக்குமரம் நின்ற இடத்தில் இப்போது புதுமணத் தம்பதிகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நல்ல முகமாகப் பார்த்து இன்னொரு பிரதி போட்டு, விளம்பரப் பலகையில் மாட்டிவைப்பது அவர் வழக்கம். கூலி உயர்வு கேட்டு ஆலைப் பையன்கள் சதுக்கத்தில் உட்கார்ந்த அன்றும் அப்படித்தான் மாட்டினார். பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் சிரித்த படம் நட்டநடுவில் இருந்தது. மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து நின்று நிதானமாக ரசித்தார். "ஒவ்வொரு முகமும் என்ன தெளிவுய்யா! தொழில்காரன்யா நீ" என்று தோளில் தட்டிவிட்டு, பலகையை அப்படியே கழற்றிக்கொண்டு போனார். அந்தப் பாராட்டை வீட்டில் மூன்று தடவை சொன்னார் சூசைநாதன்.

பத்தாம் நாள் ஓர் அம்மாள் தேடி வந்தாள்.

"எம்மவன் படம் ஒண்ணு வேணும்யா. மாலை போடணும், வீட்டுல ஒண்ணுகூட இல்ல."

"எந்தப் பையன்மா?"

"பச்சைச் சட்டைய்யா. இவன்தான் உம்மவனான்னு ஸ்டேஷன்ல அந்தப் படத்தக் காட்டித்தான் கேட்டாங்க. அதுல எம்புட்டு அழகாச் சிரிச்சிருந்தான்! எடுத்த கை நல்லா இருக்கணும்யா."