நாலாவது பூஜா

"ஏற்கெனவே மூணு பூஜா கீறாளுங்க இந்த லைன்ல. நாலாவது பூஜாவை வெச்சுகினு நான் இன்னா பண்றது? இன்னிலேர்ந்து உன் பேரு லீலா."

லைன் லீடர் ராஜாமணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பூஜாவுக்கு அழுகை முட்டியது.

மூணு பூஜா இருந்ததில் ஆச்சரியமில்லை. சந்திரம்மாள், சசிகலா என்றே பேர் வைத்துக்கொண்டிருந்த வாலாஜாபாத் பக்கத்தில், இவள் பிறந்த சமயம் தடுக்கி விழுந்தால் ஒரு பூஜா மேல்தான் விழ வேண்டும். ஆனால் இவள் கதை வேறு. பல வருஷம் குழந்தையில்லாமல், கோயில் கோயிலாகப் பூஜை செய்து பெற்ற பெண். அப்பா தணிகாசலம் அந்தப் பேரை வாய் நிறையக் கூப்பிடுவார்.

"வாலாஜாபாத் பூஜான்னு கூப்பிடுங்கக்கா. குட்டை பூஜான்னாகூடப் பரவால்ல. பேரை மாத்தாதீங்க."

"பேசினது போதும். லீலா, போய் க்ளவுஸ் மாட்டு."

சுங்குவார்சத்திரம் பக்கத்தில் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனி அது. அன்றிலிருந்து அங்கே ஓயாமல் அந்தப் பேர்தான். "லீலா, ஸ்க்ரூவைப் பாரு!" "லீலா, தண்ணி குடிச்சியா?" மற்றவர்களை மெதுவாகக் கூப்பிடும் ராஜாமணிக்கு, லீலா என்றால் மட்டும் எங்கிருந்துதான் தொண்டை வருமோ! அதுவும் மேனேஜர் அந்தப் பக்கம் வந்துவிட்டால் தேவையே இல்லாமல் நாலு தரம் கூப்பிடுவாள்.

"முன்னாடி ரெண்டாவது ஜோதியா வந்தவளுக்கும் லீலான்னுதான் வெச்சுது," என்றாள் பக்கத்து சீட் ஷாலின். "அவ கல்யாணமாகிப் போயிட்டா. இப்ப நீ மாட்டிகினே. அந்தம்மாவோட மாமியார் பேரோ இன்னாவோ, மெரட்டறதுக்கு வசதியா கீது."

பூஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் அர்த்தம் தேடினாள். லீலா என்றால் விளையாட்டு என்று போட்டிருந்தது. ஆத்திரம்தான் கூடியது.

மறுவாரம் மேனேஜர் சிவசங்கர் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரும்மா. அப்பா அம்மா வெச்ச பேரை மாத்த அந்தம்மா யாரு? மத்தியானம் ஹெச்.ஆர். வராங்க. அவங்க முன்னாடி நீ ஒரு வார்த்தை கம்ப்ளெயின்ட் சொல்லு. மீதியை நான் பார்த்துக்கறேன்."

எவ்வளவு நல்ல மனுஷன்! பூஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேற எந்தப் பட்டப்பேரு வெச்சாலும் பரவால்ல," என்றார் அவர். "லீலான்னு மட்டும் இந்த ப்ளோர்ல யாரையும் கூப்பிடக் கூடாது."

பூஜா நேராக ராஜாமணியிடம் போய் நின்றாள்.

"இனிமே நான் பூஜாதான். மேனேஜரே சொல்லிட்டாரு. வேற இன்னா பேரு வேணா வெச்சுக்கலாமாம். லீலா மட்டும் கூடாதாம்."

ராஜாமணியின் கை நின்றது. "அப்படியா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு, பூஜாவை லைன் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே தூணில் ஒரு சிவப்பு சுவிட்ச்.

"இது இன்னா, சொல்லு."

"லைனை நிறுத்தற சுவிட்ச். யாருக்காவது முடியலன்னா யார் வேணா தட்டலாம்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க."

"முன்னாடி அப்படியில்ல. நம்மள மாதிரி ஆளுங்க இதும்மேல கை வெக்கக் கூடாது. ஒரு நாள் லைன்ல ஒருத்தி மயங்கி வுழுந்துட்டா. டார்கெட் முடியட்டும்னு லைன் அதும்பாட்டுக்கு ஓடிகினே இருந்துது. சங்கரன்கோவில் பக்கத்துப் பொண்ணு லீலா, சேர்ந்து ஒரு மாசங்கூட ஆவல, எழுந்து வந்து இதைத் தட்டினா. மொத்த ப்ளோரும் நின்னு போச்சு. அன்னிக்கே அவளை கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் ரூல்ஸ் மட்டும் மாறிச்சு."

"வுழுந்தது யாருக்கா?"

"நான்தான். கண்ணு முழிச்சப்போ அவ இல்ல. எங்க கீறான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அவளைப் பத்திப் பேசினா வேலை போயிடும்னு சொல்லிட்டாங்க. நான் எங்க பேசறேன்? லைன்ல ஒரு பொண்ணைக் கூப்பிடறேன், அவ்ளோதான்."

பூஜா அந்த சுவிட்சையே பார்த்தாள். உள்ளங்கை அளவுதான் இருந்தது. இத்தனை பேர் தலைகுனிந்து வேலை செய்யும் இடத்தில் ஒருத்தி மட்டும் எழுந்து நடந்து வந்து இதைத் தட்டியிருக்கிறாள். நினைக்கும்போதே அவளுக்கு மெய் சிலிர்த்தது.

"உன் பேரு உன்னுது," என்றாள் ராஜாமணி. "வேணாம்னா போய்ச் சொல்லிடு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

மத்தியானம் ஹெச்.ஆர். வந்தார். மேனேஜர் சிவசங்கர் அன்பாகச் சிரித்தார்.

"பயப்படாம சொல்லும்மா. உன் பேரு என்ன?"

"பூஜான்னு கூப்பிட வூட்டுல எங்கப்பா இருக்காரு, சார். இங்க எம்பேரு லீலா."