பக்கத்துத் தெரு டாக்டர்

"இந்தப் பல்லை இங்க எடுத்துக்காதீங்கம்மா. வேர் சிகிச்சையும் வேண்டாம். பக்கத்துத் தெருவுல ஒரு சின்ன வயசு டாக்டர் இருக்கார், அவர்கிட்ட போயிடுங்க."

நர்ஸ் காதோடு காதாகச் சொன்னதும் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைவாய்ப் பல்லின் வலிகூட ஒரு நிமிடம் மறந்துபோனது.

உள்ளே டாக்டர் இப்போதுதான் எக்ஸ்ரேயைக் காட்டிப் பொறுமையாக விளக்கியிருந்தார். சொத்தை நரம்பு வரைக்கும் போய்விட்டது, வெறுமனே அடைத்தால் நிற்காது. வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் பல் தங்கும், இல்லாவிட்டால் பிடுங்கிவிடலாம், எதுவானாலும் இங்கேயே செய்யலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்கலாம் என்று வெளியே வந்து உட்கார்ந்தால் இந்தக் கூத்து.

"ஏம்மா, இவருக்கு என்ன குறைச்சல்?"

"ஒண்ணுமில்லம்மா. சொன்னா கேளுங்க." நர்ஸ் டாக்டரின் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நழுவிவிட்டாள்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காகச் சம்பளம் கொடுக்கிற மனுஷருக்கே குழி பறிக்கிறாளே. பக்கத்துத் தெருக்காரன் கமிஷன் தள்ளுகிறான், வேறென்ன? பரீட்சையில் ஒருத்தன் எட்டிப் பார்த்தாலே விடாதவர், இதை விடுவாரா? நேரே உள்ளே போனார்.

"டாக்டர், சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க நர்ஸ் வர்றவங்களை வேற டாக்டர்கிட்ட அனுப்புறாங்க. என்னையும் போகச் சொன்னாங்க."

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பார் என்று டீச்சர் காத்திருந்தார். அவர் கூப்பிடவில்லை.

"பல் சுத்தம் பண்ண வர்றவங்க வந்துட்டுத்தான் இருக்காங்க. பெரிய வேலைக்கு யோசிச்சுச் சொல்றேன்னு போனவங்க ஒருத்தரும் திரும்பி வரலை. ஏன்னு இப்பதான் புரியுது."

கோட்டுப் பையிலிருந்து வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். விரல்கள் நடுங்கின. இடது கையால் அழுத்திப் பிடித்தும் நடுக்கம் நிற்கவில்லை.

டீச்சருக்கு ஏன் உள்ளே வந்தோம் என்றிருந்தது.

"இது யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார் டாக்டர். "அவங்க சொன்ன டாக்டர்கிட்டயே போங்கம்மா. வர்றவங்க வாயும் புண்ணாகாம, என் மனசும் நோகாம இத்தனை நாளா அவங்கதான் பார்த்துக்கிட்டிருந்திருக்காங்க."