பொட்டு விழாத வார்டு

நகராட்சிக் கூட்ட அறையின் சுவரில் ஊரின் வரைபடம் தொங்கியது. காய்ச்சல் கண்ட வீடுகளின் மேலெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டுகள். வீடு வீடாகப் போகும் நர்ஸுகள் ஒட்டியவை. பொட்டு அடர்ந்த வார்டுகளுக்குத்தான் வரும் ஆண்டுக்கான மருந்தும் ஆளும் பணமும் என்பது அங்கே வழக்கம். ஏரிக்கரை வார்டில் ஒரு பொட்டுகூட இல்லை.

“அங்க சீக்கே இல்ல போலிருக்கே. அந்தச் சுகாதார மையத்த மூடிரலாம்,” என்ற தலைவர், கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

பக்கத்து வார்டு நர்ஸ் தமயந்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஏரிக்கரை நர்ஸ் மாற்றலாகிப் போனபின் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. ஒட்ட ஆளில்லாமல்தான் அந்த வார்டு வெள்ளையாகக் கிடக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போது விறுவிறுவென்று வரைபடத்திடம் போய், தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து ஏரிக்கரையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினாள்.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

“யார் வீடும்மா அது?”

“தெரியாது சார். போய்ப் பாக்க ஆள் போட்டாத்தான தெரியும்?”

தலைவர் எழுந்து வந்து அதைச் சுரண்ட விரலை நீட்டினார். நகம் விளிம்பில் பட்டுவிட்டது. அப்போதுதான் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார். விரல் அங்கேயே நின்றது.

“நீயே எடுத்துரும்மா.”

தமயந்தி கையைக் கட்டிக்கொண்டாள்.

“நீங்களே எடுங்க சார்.”