சடை நுனி

பழனியில் முடி இறக்கிவிட்டுத் திரும்பும் பஸ்ஸில், சந்தனம் பூசிய மொட்டைத் தலையைச் சட்டென்று திருப்பி, "ஏனுங்க, கொஞ்சம் நகருங்க. எஞ்சடை மேல சாஞ்சுக்கிட்டிருக்கீங்க" என்றாள் கலாமணி. பக்கத்தில் இருந்த அவள் கணவன் தங்கராசு பதறி நகர்ந்தான். நகர்ந்த பிறகுதான் அங்கே சடை இல்லை என்பது உறைத்தது. இடுப்பைத் தாண்டித் தொங்கிய சடை. காய்ச்சலில் கிடந்த மகள் பிழைத்தால் தருவதாக வேண்டிக்கொண்டு, இன்று காலையில்தான் கொடுத்திருந்தாள். சிரிக்கலாமா என்று அவன் யோசிப்பதற்குள், அவள் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ இழுத்துத் தோள்வழியாக முன்னால் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடினாள். மடியில் தூங்கிய குழந்தையின் கை எழுந்து துழாவியது. அம்மாவின் சடை நுனியைப் பிடித்தபடியே தூங்கிப் பழகிய கை. அது ஓரிடத்தில் நின்று மெல்ல மூடிக்கொண்டது. முழுதாக மூடவில்லை, விரல்களுக்கு நடுவே சடையின் தடிமனுக்கு இடம் இருந்தது. தங்கராசு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னக் கையைத் தன் பக்கமாக லேசாக நகர்த்தினான்.

"மெதுவாங்க" என்றாள் கலாமணி, கண்ணைத் திறக்காமலே. "இழுத்தா வலிக்குதுங்க."