ஒட்டடைக் கம்பு

பின்சந்தில் குண்டு விழுந்ததில் கட்டடமே ஒரு குலுங்கு குலுங்கியது. மாடிவீட்டுக்காரி பிள்ளைகளைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஜன்னல் கண்ணாடிதான் கூடமெங்கும் சிதறிக் கிடந்தது.

துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கியதுமே, கீழிருந்து 'டொக், டொக்.'

"கம்பு டீச்சர் ஆரம்பிச்சாச்சு!" என்றான் கணவன்.

கீழ்வீட்டில் தனியாக இருக்கும் டீச்சருக்கு, மாடியில் ஒரு ஸ்பூன் விழுந்தால் பொறுக்காது. உடனே ஒட்டடைக் கம்பால் கூரையை இடிப்பார்.

"ஊரே இடிஞ்சு விழுது. இந்தம்மாவுக்குக் கண்ணாடி கூட்டுற சத்தம் ஆகலையாக்கும்!"

"மெதுவாப் பேசுங்க. இன்னொரு புகார் போச்சுன்னா காலி பண்ணுன்னு வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு. இந்தச் சண்டையில புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போய் நிக்கிறது?"

துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றி, வாயில் விரல் வைத்துக் காட்டினாள். அப்போதும் தட்டல் நிற்கவில்லை.

"இன்னும் என்னவாம்? மூச்சு விடுறதும் கேக்குதாமா?"

பொழுது சாயும்போது தட்டல் ஓய்ந்தது.

"அப்பாடா! ஒருவழியா மனசு குளுந்துட்டாங்க" என்றாள்.

காலையில் மீட்புப் படையினர் வந்து கீழ்வீட்டுக் கதவை உடைத்தார்கள். பின்சுவர் கட்டில்மேல் சரிந்து டீச்சரின் கால்களை நசுக்கியிருந்தது. ஒட்டடைக் கம்பு கையிலேயே இருந்தது.

"ரொம்ப நேரம் உசுரு இருந்திருக்கும்மா" என்றார் அவர்களில் ஒருவர். "கூரையில காரை பெயர்ந்திருக்கு பாருங்க, அவ்வளவு இடிச்சிருக்காங்க. மேல ஆள் யாரும் இல்லையா?"

"இருந்தோம்" என்றாள் மாடிவீட்டுக்காரி. "சத்தமே போடாம இருந்தோம்."